புது அடுக்களையில் முதல் பால்

செத்த தள்ளி உக்காரு தாயி. இந்தப் பை மடியிலதான் இருக்கணும், கீழ வச்சா யாராவது மிதிச்சு பஸ்ஸு பூரா நெடி ஏறிரும். மொளகாய்ப் பொடி, மல்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, எல்லா டப்பாவும் இதுக்குள்ளதான் இருக்கு. தென்காசிக்குப் போறேன், என் தங்கச்சி வீட்டுக்கு. இல்லல்ல, அவ ஒண்ணும் பொடி கேக்கலை. எங்க வீட்டுல ஒரு பொடி மிஞ்சக் கூடாதுன்னு எடுத்துட்டு வந்துட்டேன். வெயில்ல காயப் போட்டது நான், வறுத்தது நான், மில்லுல போயி வரிசையில நின்னு அரைச்சது நான். இனிமே கடையில பாக்கெட்டு வாங்கிப் போட்டுத் திங்கட்டும்.

அடிக்கட்டும். என் போன்தான் அடிக்குது. அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும், நான் எடுக்கப் போறதில்லை.

நீ எங்க எறங்கணும்? சங்கரன்கோயிலா. அப்ப நேரம் கெடக்கு. என்ன வேலை பாக்கே? ஜவுளிக் கடையிலயா, அங்க நாள் பூரா நிக்கணும்லா. உக்கார ஸ்டூல் போட்டிருக்காங்களா? போட்டிருந்தாலும் உக்கார விட மாட்டாங்க. அப்ப உனக்குப் புரியும், சொல்லுதேன் கேளு. எனக்கும் நின்னு நின்னுதான் வயசு ஓடிட்டு.

என் பேரு உலகம்மா. கோயில்பட்டில எங்கப்பா கட்டின வீடு. அதுல நானு, என் தம்பி ஆவுடையப்பன், அவன் பொண்டாட்டி சுகந்தி. ஒரு மக இருக்கா அவங்களுக்கு, நர்சிங் படிக்கா, ஆஸ்டல்ல இருக்கா. தம்பி மோட்டாருக்கு காயில் கட்டுற கடை வச்சிருக்கான். சுகந்தி கடலைமிட்டாய் கம்பெனிக்குக் கணக்கெழுதப் போறா. எனக்குக் கல்யாணம் ஆகலை. நீ மரியாதைக்காரப் புள்ளை, ஏன்னு கேக்க மாட்டே, நானே சொல்லிருதேன். எனக்குப் பத்தொம்போது வயசுல அம்மா திடீர்னு போயிட்டா. தம்பி அப்ப டவுசர் போட்ட பய, தங்கச்சி அதை விடச் சின்னது. பதினாறு முடிஞ்சு சொந்தபந்தம் எல்லாம் மூட்டையைக் கட்டிக் கெளம்பிப் போயிட்டு. வெளக்கு வைக்கிற நேரம், எல்லாருக்கும் பசி. எங்கப்பா என் மூஞ்சியைப் பாத்தாரு. நான் அடுக்களைக்குள்ள போனேன். அன்னைக்கு உள்ள போனவ இன்னைக்குக் காலையிலதான் வெளிய வந்திருக்கேன்.

வரன் வராம இல்லை. வந்துச்சு. கயத்தாத்துல ஒரு வாத்தியார் வீடு, நல்ல எடம். தம்பி பத்தாவது முடிக்கட்டும்னாரு அப்பா. பொறவு தங்கச்சி கல்யாணம் முடியட்டும்னாரு. பொறவு அவரே முடிஞ்சு போனாரு. அதுக்காக நான் மூலையில உக்காந்து அழுதுட்டுக் கெடக்கலை. அடுக்களை எனக்குன்னு ஆச்சு. அதுல ஒருத்தரும் கை வைக்க முடியாது. சுகந்தி கழுத்துல தாலியோட வந்து நின்னா பாரு, மறுநாளே சொல்லிட்டேன், நீ பாட்டுக்கு வேலைக்குப் போ, அடுப்புப் பக்கம் மட்டும் வராதன்னு. நல்லதுக்குத்தான சொன்னேன்? அவளும் சரி மதினின்னுட்டா. இத்தனை வருஷத்துல அந்த அடுப்புல அவ ஒரு வெந்நி வச்சதில்லை.

அடுக்களை பழசுதான், நான் இல்லைன்னு சொல்லலை. சுவரு பூரா விறகடுப்பு காலத்துப் புகை, எத்தனை தடவை வெள்ளையடிச்சாலும் மறு மாசம் மேல வந்துரும். தரை அங்கங்க பேந்து கெடக்கும். கடப்பாக் கல்லு மேடை, எங்கப்பா அம்மாவுக்காகப் போட்டது. அம்மா நல்ல ஒசரம். தம்பியும் தங்கச்சியும் அவளைக் கொண்டு. நான் மட்டும் அப்பா வழி. பாக்கேல்லா, சீட்டுல உக்காந்தா கால் தரையில எட்டலை. மேடை என் நெஞ்சு வரைக்கும் வரும். அதுக்கென்ன செய்ய? ஒரு பலகை போட்டுக்கிட்டேன். மாம்பலகை, கீழ ரெண்டு கட்டை வச்சு அடிச்சது. அது மேல ஏறி நின்னு சோறு வடிச்சேன், அது மேல நின்னு தோசை சுட்டேன், எறங்கிப் போயி தண்ணி பிடிச்சுட்டு வந்து மறுபடி ஏறினேன். விழுந்தும் இருக்கேன். போன பங்குனில வடிகஞ்சியோட விழுந்தேன், இந்தா, முழங்கைக்குக் கீழ தெரியுதா? அது ஒண்ணுமில்லை. ஆஸ்பத்திரிக்கு வா வான்னு சுகந்தி பிடிச்சு இழுத்தா, நான் போகலை. தேங்காண்ணெயைத் தடவிட்டு ராத்திரி உப்புமா கிண்டினேன்.

அது நடந்து கொஞ்ச நாள்தான். ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு எந்திரிச்சவ கையைக் கழுவிட்டு வந்து நிக்கா. "மதினி, எனக்குச் சீட்டு விழுந்திருக்கு, அடுக்களையை மாத்திருவமா"ங்கா. எதுக்குன்னு கேட்டேன். பழசாப் போச்சுல்லா மதினிங்கா. அடுக்களை பழசுன்னா அதுல சமைக்கவளும் பழசுதான், என்னையும் சேத்து மாத்திருன்னு சொன்னேன். அய்யய்யோ அப்படிச் சொல்லலை மதினின்னு அவ கையைப் பிசையுதா. தம்பியைப் பாத்தேன். அவன் தட்டுல கெடந்த கருவேப்பிலையை ஒதுக்கி ஒதுக்கி வரிசையா வைக்கான். அவன் எப்பவுமே அப்படித்தான். வாயில கொழுக்கட்டை.

எனக்கு அப்பவே விளங்கிட்டு. இத்தனை வருஷம் பொறுத்துப் பாத்துட்டு, இப்ப அடுக்களையைக் கையில எடுக்கப் பாக்கா. பொம்பளைக்கு வீட்டுல எது எடம்? அடுப்பு எவகிட்ட இருக்கோ வீடு அவகிட்ட. அடுப்பைப் பிடுங்கிட்டா நான் அந்த வீட்டுல யாரு? புருஷன் இல்லை, புள்ளை இல்லை. திங்கக் காத்துக் கெடக்க ஒரு கெழவி. பயந்துட்டேன் தாயி, பொய் சொல்லலை. ஆனா வெளிய காட்டுவேனா? கட்டுனா கட்டிக்கோ, எனக்கென்ன வந்துச்சுன்னுட்டேன்.

சீட்டுக் காசு என்ன பெரிய காசு? வீட்டுக்கு மராமத்து பாக்க ஆரம்பிச்சா அது எந்த மூலைக்கு. ஆனா சாமர்த்தியக்காரி, அதை நான் மறைக்க மாட்டேன். டைல்ஸ் கடையில மீந்து போனதா பொறுக்கிட்டு வந்தா, ஒரு சுவரு வெள்ளை, இன்னொரு சுவரு எளம்பச்சை. கேட்டா இதுதான் மதினி இப்ப பேஷன்ங்கா. ரோட்டை அகலப்படுத்த இடிச்ச வீட்டுல இருந்து அலமாரிக் கதவு. ஏதோ ஒரு ஆபீஸ்ல கவுண்டருக்குப் போட்டது போக மிச்சம் கெடந்த கிரானைட்டு. காத்தாடி தம்பி கடையில செத்துக் கெடந்தது, அவனே காயில் கட்டி உசுரு குடுத்து மாட்டிட்டான். ஒயரிங்கும் அவன்தான். ஞாயித்துக்கிழமை பூரா ஏணி மேல நின்னான். எனக்கு ஒரு மிக்ஸிக்கு ஸ்விட்சு மாட்டித் தாடான்னு எத்தனை வருஷமாக் கேட்டேன், பொண்டாட்டி சொன்னதும் ஏணியில ஏறிட்டான்.

வேலை நடந்தவரைக்கும் நான் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. பின்னால முருங்கை மரத்தடியில மூணு கல்லை வச்சு அடுப்பு மூட்டினேன். ஐப்பசி மழை. ஒரு கையில குடையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையில ரசம் தாளிச்சேன். சுகந்தி கெஞ்சுதா, "பேசாம ஓட்டல்ல வாங்கிக்கிடுவோம் மதினி, நீங்க செத்த உக்காருங்க"ன்னு. நான் உக்காருவேனா? நான் உக்காந்தா ஜெயிச்சது யாரு, அவதான? சாம்பல் பறந்து சோத்துல விழுந்துச்சு. ரெண்டு பேரும் எடுத்துப் போட்டுட்டுத் தின்னாங்க, ஒரு வார்த்தை பேசலை. அவ்வளவு பயம் என்கிட்ட.

கொத்தனாருக்கு மட்டும் டீ போட்டுக் குடுத்தேன். அந்த மனுசன் என்ன பாவம் செஞ்சாரு. அவரும் சும்மா இருக்க மாட்டாரு. "அக்கா, ஒரு தடவை உள்ள வந்து நின்னு பாருங்க, சரியா இருக்கான்னு சொல்லுங்க"ம்பாரு. யாருக்குச் சரியா இருந்தா எனக்கென்ன, கூலி குடுக்கவளைக் கூப்பிடுங்கன்னுட்டேன். கண்ணு அந்தப் பக்கம் போகத்தான் செஞ்சிச்சு. முருங்கைக்கீரை ஆயுற சாக்குல சன்னல் பக்கம் நடந்தேன். ஆனா பாக்கலை. வைராக்கியம்னா வைராக்கியம்தான்.

நடுவுல ஒரு கூத்து கேளு. ஒரு நாள் சாயங்காலம் சுகந்தி டேப்பைத் தூக்கிட்டு வாரா. மதினி, செத்த நேரா நில்லுங்க, கையை மடக்குங்கங்கா. எதுக்குட்டின்னு கேட்டா முழிக்கா. பொறவு நைட்டி தைக்கணும்ங்கா. சரி, சண்டை போட்டதுக்கு சமாதானம் பண்ணப் பாக்காளாக்கும்னு நின்னேன். முழங்கையில இருந்து தரை வரைக்கும் அளந்தா. நெஞ்சு அளக்கலை, தோள் அளக்கலை. கையைத் தூக்கச் சொல்லி விரல் நுனி வரைக்கும் அளந்தா. நைட்டிக்கு இப்படி ஒரு அளவு நான் கேள்விப்பட்டதே இல்லை. அவளுக்குத் தையல் தெரியாது, அது வேற விஷயம். அந்த நைட்டி இன்னிவரைக்கும் வரலை தாயி. ஆசை காட்டி மோசம் பண்ணிட்டா.

பொறவு என் பலகை. வேலை முடியப் போற நேரம், ஒரு நாள் பின்னால வச்சிருந்த பலகையைக் காணோம். எங்கட்டின்னு கேட்டேன். சாதாரணமாச் சொல்லுதா, "அது இனிமே எதுக்கு மதினி? வெந்நி அடுப்புக்கு வெறகா ஒடைச்சாச்சு"ன்னு. சிரிச்சுக்கிட்டே சொல்லுதா. இனிமே எதுக்குங்கா. அப்படின்னா என்ன அர்த்தம், நீ சொல்லு. இனிமே நீ அடுக்களையில நிக்க வேண்டியதில்லைன்னுதான அர்த்தம்? அன்னையில இருந்து அவகிட்டப் பேச்சை நிறுத்திட்டேன். அவ பேசுவா, நான் சுவத்தைப் பாப்பேன். மதினி ஒரு விஷயம் சொல்லணும்னு வருவா, நான் எந்திரிச்சு மாட்டுக்காரன் வீட்டுப் பக்கம் போயிருவேன்.

இன்னைக்குத்தான் பால் காய்ச்சுறது. காலையில நல்ல நேரம் பாத்து வச்சிருந்தாங்க. சுகந்தி அம்மா வந்திருந்தா, பக்கத்து வீட்டு ரெண்டு பொம்பளைங்க வந்திருந்தாங்க. வாசல்ல கோலம், அடுப்புக்கு மஞ்சள் குங்குமம், புதுப் பானையில பால். எங்க ஊர்ல மொதப் பாலை யாரு பொங்க வைக்காளோ அடுப்பு அவளுக்கு. அது எல்லாருக்கும் தெரியும். சரி, இவ பொங்க வைக்கப் போறா, அதைப் பாத்துக் கைதட்ட என்னையக் கூப்பிடுதான்னு நெனச்சுட்டு வாசப்படியிலயே நின்னேன். அப்பதான் மொத மொதல்ல உள்ள பாக்கேன்.

பாத்தா கோட்டிக்காரத்தனமா இருக்கு தாயி. எனக்குச் சிரிக்கதா அழுகதான்னு தெரியலை. மேடையைப் பாத்தா தாழத் தாழ. சுகந்தி பானையை எறக்கி வைக்கையில கூனிப் போயி நிக்கா, அவளும் என் தம்பி மாதிரி பனைமரம்லா. தொட்டி அதை விடத் தாழ. கரண்டி மாட்டுற கம்பி இவ கழுத்துக்குத்தான் வருது. மேல பரணுல ஒரு சாமான் இல்லை, மூடி வச்சாச்சு. அரிசி, பருப்பு, புளி எல்லாம் கீழ இழுப்பறையில. தம்பி தண்ணி குடிக்க உள்ள வந்தவன் இடுப்பைப் பிடிச்சுட்டுத்தான் நிமிந்தான். காசைப் போட்டு, ஆளைப் போட்டு, இப்படியா ஒருத்தி கட்டுவா? அதுக்குத்தான் சொன்னேன், அடுக்களைன்னா என்னான்னு தெரிஞ்சவளைக் கேட்டுக் கட்டணும். இவளுக்கு என்ன தெரியும், வெந்நி வச்சிருக்காளா.

அப்ப சுகந்தி வாரா. அத்தனை பேரு முன்னாலயும் லைட்டரை என் கையில வைக்கா. "மதினி, நீங்கதான் பத்த வைக்கணும்"ங்கா. எனக்குச் சுருக்குன்னு ஏறிட்டு. வேலைக்காரிகிட்டதான் இப்படிக் குடுப்பாங்க, இந்தா அடுப்பைப் பத்த வைன்னு. கட்டுறவரைக்கும் நான் வேண்டாம், பத்த வைக்க மட்டும் நானா? உன் அடுக்களை, உன் சீட்டுக் காசு, நீயே காய்ச்சுட்டின்னு சொல்லி லைட்டரை மேடையில வச்சேன். உள் ரூம்புக்குப் போனேன், பொடி டப்பாவை எல்லாம் பையில போட்டேன், செருப்பை மாட்டினேன். தம்பி வாசல் வரைக்கும் ஓடி வந்தான். யக்கா யக்கான்னான். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்துட்டேன்.

தங்கச்சிக்கு வர்றேன்னு போன் போட்டேன். அவ வாக்கா வாக்கா, நல்ல சமயத்துல வாரே, நாளைக்கு மகளைப் பாக்க மாப்ளை வீட்டுல இருந்து வேன் நெறைய வாராங்க, நான் தனியா என்ன செய்வேன்னு முழிச்சுட்டுக் கெடந்தேன்னா. பாத்தியா, மரியாதை தெரிஞ்ச எடத்துல மரியாதை கெடைக்கும்.

மறுபடி அடிக்குது. அடிக்கட்டும். இன்னும் அவ பாலைக் காய்ச்சலை போல, நல்ல நேரம் வேற முடியப் போகுது.

என்ன கேக்கே? மேடையா? எம்புட்டு ஒசரம்னா... இரு, எந்திரிச்சுக் காட்டுதேன், கம்பியைப் பிடிச்சுக்கிடுதேன். இந்தா, இங்கன வரும். என் இடுப்புக்கு ஒரு சாண் மேல. முழங்கையை மடக்கினா அதுக்குக் கொஞ்சம் கீழ. ஏன் தாயி அப்படிப் பாக்கே?

என்ன சொன்னே?

இல்லை. அவ நைட்டிக்குல்லா அளந்தா.

இல்லை தாயி, நீ சின்னப் புள்ளை, உனக்குத் தெரியாது. அவ நைட்டிக்குத்தான்... முழங்கையில இருந்து தரை. கையைத் தூக்கி விரல் நுனி. அந்தக் கரண்டிக் கம்பி... என் கை எட்டும். ஆமா. எட்டும். பலகை இல்லாம எட்டும். அதுக்குத்தான் இனிமே எதுக்குன்னாளா? சண்டாளி, அதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னாளே.

இரு. செத்த இரு. தண்ணி இருக்கா? குடு.

சந்தோஷமாத்தான் இருக்கு தாயி. இல்லைன்னு சொன்னா வாய் அழுகிரும். என்னைய அளந்து யாரு எனக்கு என்ன செஞ்சிருக்கா? தங்கச்சிக்குத் தச்ச ரவிக்கையைப் பிரிச்சுக் குட்டையாக்கிப் போட்டவ நான். அம்மா ஒசரத்துக்குக் கட்டின மேடையில ஏறி நின்னவ. அந்தப் புள்ளை சீட்டுக் காசை வச்சு, ஊரெல்லாம் அலைஞ்சு கல்லைப் பொறுக்கி, தன் இடுப்பு ஒடிஞ்சாலும் பரவாயில்லைன்னு எனக்காகத் தாழ வச்சிருக்கா. நானும் மழையில குடை பிடிச்சுட்டு நின்னிருக்கேன். மொதப் பாலை என் கையால பொங்க வைக்கத்தான் லைட்டரைக் குடுத்திருக்கா. என் அடுப்பை எனக்கே குடுத்திருக்கா.

போயிரலாம்தான். கழுகுமலையில எறங்கி எதிர் பஸ்ஸைப் பிடிச்சா... அட, கழுகுமலை தாண்டிட்டா? எப்பத் தாண்டுச்சு?

சரி. தாண்டுனது நல்லதுக்குத்தான். நில்லு, யோசிக்க விடு. எனக்கு இப்ப வேற ஒண்ணு தோணுது. நீயே சொல்லு, மேடை என் ஒசரம்னா அதுல வேற யாரு நிக்க முடியும்? சுகந்தி நின்னா இடுப்பு விட்டுப் போயிரும். தம்பி நின்னா சாமி கும்பிடுத மாதிரிதான் நிக்கணும். அப்ப யாருதான் நிக்கது? நான்தான். நாளைக்கும் நான், அடுத்த வருஷமும் நான், அறுபதுல நான், எழுபதுல நான். பலகையில இருந்து விழுந்துட்டேன்னதும் ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சிருக்காங்க. யக்கா விழாம நிக்க என்ன வழின்னுதான் யோசிச்சிருக்காங்க. யக்கா ஏன் நிக்கணும்னு ரெண்டு பேருல ஒருத்தருக்குத் தோணலையே தாயி.

முழங்கையை அளந்தவ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? மதினி, உங்களுக்குச் சமைக்கப் பிடிக்குமா, போதும்னு தோணுதான்னு? எங்கப்பாவும் கேக்கலை. மூஞ்சியைப் பாத்தாரு, நான் போனேன். பிடிக்குமான்னு இப்ப நீ கேட்டா எனக்கே தெரியலை. யாராவது கேட்டாத்தான நம்ம யோசிப்போம். இத்தனை வருஷமா என்ன கொழம்பு வைக்கன்னுதான் யோசிச்சிருக்கேன்.

அடுப்புப் பக்கம் வராதன்னு நான்தான் சொன்னேன், ஆமா. அதுக்காக வராமலே இருந்துருவாளா? ஒரு மனுசி வாயால சொன்னா அப்படியே எடுத்துக்கிடதா? பிடிவாதமா வந்து நின்னு, தள்ளுங்க மதினின்னு கரண்டியைப் பிடுங்கியிருக்க வேண்டியதுதான. நான் ரெண்டு நாள் கத்துவேன், மூணாவது நாள் குடுத்திருப்பேன். குடுத்திருப்பேனா? குடுத்திருப்பேன். சரி, ஒரு வாரம் ஆயிருக்கும்.

தங்கச்சியும் வேன் நெறைய ஆளு வருதுன்னுதான் வாக்கா வாக்கான்னிருக்கா. இப்பதான் ஒறைக்குது. இருக்கட்டும். பஸ்ஸை விட்டு எறங்கி நேரா அவ வீட்டுக் கூடத்துல சேரைப் போட்டு உக்காரப் போறேன். காப்பி கொண்டு வாட்டின்னு கேக்கப் போறேன். சர்க்கரை கம்மியா இருந்தா திருப்பி அனுப்புவேன். பொடி டப்பாவை வேணா எடுத்துக்கிடட்டும், பொடியைத் தாரேன், கையைத் தர மாட்டேன்.

அடிக்குது. எடுக்கேன் இரு. இந்தப் பச்சைப் பொத்தான்தான? பையைச் செத்தப் பிடிச்சுக்கோ.

என்னட்டி. ஆமா, நான்தான். பஸ்லதான் இருக்கேன், கழுகுமலை தாண்டியாச்சு. அழாத. ஏட்டி, அழாம பேசு, ஒண்ணும் விளங்கலை. ம். தெரியும். எனக்காகத்தான் நீ தாழ வச்சேன்னு தெரியும். யாரு சொன்னா உனக்கென்ன, பக்கத்துல ஒரு புள்ளை இருக்கு, அதுக்கு இருக்கிற அறிவு எனக்கில்லாமப் போச்சு. நல்லாத்தான் கட்டியிருக்கே. நல்லாத்தான் இருக்குங்கேன், அதை எத்தனை தடவை சொல்ல. உங்கம்மா இருக்காளா, போயிட்டாளா? இருக்கட்டும்.

இல்லை. திரும்பி வரலை. கோவமெல்லாம் இல்லை. சரி, கோவம்தான். ஆனா அந்தக் கோவம் இல்லை, இது வேற. அதை நேர்ல சொல்லுதேன். வருவேன்ட்டி, என் அப்பன் வீடு, வராம எங்க போவேன். எப்பன்னு தெரியாது. ஆனா வரும்போது பசியோட வருவேன், அதை மட்டும் மனசுல வச்சுக்கோ. வந்து தட்டைப் போட்டு உக்காருவேன். மேடை என்னைய எதிர்பாத்துக் கெடக்கட்டும், எனக்கு நிக்கணும்னு தோணுன அன்னைக்கு நின்னுக்கிடுதேன்.

பாலா? காய்ச்சணும்தான், நேரம் போகுதுல்லா. நீயா? வேண்டாம், நீ காய்ச்சாத. தம்பி எங்க? அங்கனதான நிக்கான். அவனைக் காய்ச்சச் சொல்லு. ஆம்பளை காய்ச்சினா என்ன, பால் பொங்க மாட்டேன்னு சொல்லிருமா? எந்த சாஸ்திரத்துல போட்டிருக்கு, உங்கம்மாகிட்ட கேளு. மூத்தவ நான் சொல்லுதேன், அவன்தான் காய்ச்சணும். குனிய முடியலையாமா? போனை அவன்கிட்ட குடு. குடுட்டி.

எய்யா ஆவுடையப்பா. கேளு. நீ டவுசர் போட்ட நாள்ல இருந்து நான் உனக்காக ஏறி ஏறி எறங்கியிருக்கேன். நீ ஒரு தடவை குனி, ஒண்ணும் ஒடிஞ்சு போயிராது. லைட்டர் மேடையிலதான் கெடக்கு. லைட்டரை அடுப்புகிட்ட வச்சுக்கிட்டு கேஸைத் திருகு, உடனே அமுக்கு. பிந்தி அமுக்கினா மூஞ்சியில அடிக்கும். பத்திக்கிச்சா? தீயைக் கொறைக்காத, பால் காய்ச்சும்போது பெரிய தீதான். பக்கத்துலயே நில்லு. ஒரு போன் வந்துச்சு, கடையில ஆளு வந்திருக்குன்னு அந்தப் பக்கம் போகக் கூடாது. நிக்கணும். நாங்கள்லாம் அப்படித்தான் நின்னோம்.

என்னய்யா, அழுதியா? அழுவாத, பாலைப் பாரு.

என்ன அங்க ஒரே சத்தம்? பொங்கிட்டா? எந்தப் பக்கம் பொங்குச்சு, கெழக்கயா? நல்லது, நல்லது. அடுப்பை அணைச்சியா? மேடை பூரா வழிஞ்சிட்டாக்கும். வழியத்தான் செய்யும். போனை அவகிட்ட குடு. சுகந்தி, அங்க என்ன செய்யுதே? கையில என்ன, துணியா? ஏட்டி, நீ குனியாத. துணியை அவன்கிட்ட குடு.